"போர்டு போச்சு" என்றால் "எத்தனை வோல்ட் வருகிறது?" என்று கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கூடவே யு.பி.எஸ்., மேஜை, ஸ்பீக்கர், பென் டிரைவ் என்று ஒரு பட்டியலே வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது மல்டிமீட்டர். எலக்ட்ரிகல் கடைகளில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே இதற்குப் போதும். "நான் என்ன மெக்கானிக்கா?" என்று கேட்பீர்கள். மெக்கானிக் ஆக வேண்டாம். ஆனால் உங்கள் டி.வி.யையோ மானிட்டரையோ திறந்து பார்த்த ஒருவர், "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்று சொல்லும்போது, அவர் அளந்து சொல்கிறாரா, ஊகித்துச் சொல்கிறாரா என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது மீட்டர் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பல ஆயிரம் ரூபாய்.

கம்ப்யூட்டர் இதழில் டி.வி.க்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இன்று பல வீடுகளில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகி டி.வி.யையே மானிட்டராகப் பயன்படுத்துகிறார்கள். பின்மூடியைக் கழற்றினால் எல்.இ.டி. டி.வி.யும் மானிட்டரும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள்தான். மின்சாரத்தை டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளை போர்டு, படத்தையும் ஒலியையும் கவனிக்கும் மெயின் போர்டு, பேனலுக்கு சிக்னலைப் பிரித்துத் தரும் டி-கான், பேனலுக்குப் பின்னால் பேக்லைட். சின்ன செட்களில் இவற்றில் இரண்டு மூன்று ஒரே போர்டில் சேர்ந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாத சுவாமி. பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது. நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பவரை அந்த ஊரில் யாரும் வைத்தியர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் ராஜபாளையத்து நூற்பாலைகளில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால், மீட்டர் வைத்துப் பார்க்காமல் "மோட்டார் காலி" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை மில்லில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டு டி.வி.க்கு மட்டும் இந்த நியாயம் பொருந்துவதில்லை. அங்கே மட்டும் ஒரு பார்வையிலேயே தீர்ப்பு!

முன்பு அப்படி இருக்கவில்லை. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல கலர் டி.வி.க்களை இலவசமாக வழங்கியது. எல்லாம் பிக்சர் டியூப் வைத்தவை. அவை பழுதாகத் தொடங்கியபோது சிற்றூர் ரிப்பேர் கடைகளுக்கு அதுவே பள்ளிக்கூடம் எனலாம். செட் ஓடவில்லை என்றால் மெக்கானிக் முதலில் பார்ப்பது 'பி பிளஸ்' வோல்டேஜ். அந்த அளவு செட்டில் அது ஏறத்தாழ 110 வோல்ட் இருக்க வேண்டும். குறைந்தால் லைன் பகுதியைப் பிரித்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு குண்டு பல்பை லோடாகப் போட்டு மறுபடி அளப்பார். வோல்டேஜ் சரியாகிவிட்டால் கோளாறு லைன் பகுதியில். சரியாகாவிட்டால் பவர் சப்ளையில். ஒரு பல்பும் ஒரு மீட்டரும் சேர்ந்து போர்டைப் பாதியாகப் பிரித்துக் காட்டிவிடும். பிறகு மாற்றப்படுவது பெரும்பாலும் ஒரு டிரான்சிஸ்டர் அல்லது ஒரு கெப்பாசிட்டர்தான். (முழு போர்டுக்குப் பதிலாக 'கிட்' மாட்டும் பழக்கமும் அந்தக் காலத்திலேயே தலைகாட்டிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இதே 'பாதியாகப் பிரிக்கும்' முறை எல்.இ.டி. டி.வி.க்கும் அப்படியே பொருந்தும். பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குச் செல்லும் கேபிளின் அருகே எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்று பெரும்பாலான போர்டுகளில் வெள்ளை எழுத்தில் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். பிளக்கைச் செருகியதும் ஸ்டாண்ட்பை வோல்டேஜ் வர வேண்டும். பல செட்களில் இது 5 வோல்ட், சிலவற்றில் 3.3. இது வராவிட்டால் சிவப்பு விளக்கே எரியாது. ரிமோட்டை அழுத்தியதும் மெயின் போர்டு 'பவர் ஆன்' என்ற சிக்னலை அனுப்பும். அதன் பிறகு 12 வோல்ட் வரும். கடைசியாக பேக்லைட் எரியும். இந்த வரிசை எங்கே அறுந்தது என்று பார்ப்பதுதான் முழு வித்தையும். ஸ்டாண்ட்பை வருகிறது, பவர் ஆன் சிக்னல் வரவில்லை என்றால் பவர் போர்டைக் குறை சொல்ல முடியாது. சிக்னல் வந்தும் 12 வோல்ட் வரவில்லையா? பவர் போர்டின் மீது சந்தேகப்படலாம். மெயின் போர்டு ஷார்ட் ஆகி அந்த 12 வோல்ட்டைக் கீழே இழுக்கிறதா என்பதையும் செட்டை அணைத்துவிட்டு அளந்தால் கண்டுபிடித்துவிடலாம். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும்.

பியூஸ் விஷயமும் அப்படித்தான். கரிந்து கறுத்த பியூஸ் தானாகக் கரிவதில்லை. பின்னால் பிரிட்ஜ் டயோடோ, மாஸ்பெட்டோ, இடி மின்னலைத் தாங்குவதற்காக வைத்த நீல வட்டு போன்ற எம்.ஓ.வி.யோ ஷார்ட் ஆகியிருக்கும். அளக்காமல் புதுப் பியூஸ் போட்டால் அதுவும் போகும். பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றித் தருகிறவர் உங்கள் வீட்டுக்குத் தீ வைக்க ஏற்பாடு செய்கிறார் என்று அர்த்தம். மலையடிவார ஊர்களில் ஐப்பசி இடி சும்மா விடாது. மின் இணைப்பு வழியாக மட்டுமல்ல, கேபிள் டி.வி. ஒயர் வழியாகவும், நெட் கேபிள் வழியாகவும் அது உள்ளே வரும். மழைக்கு முன் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு அந்த ஒயரை விட்டுவைப்பது பாதி வேலைதான்.

சத்தம் வருகிறது, படம் இல்லை. இந்தக் கோளாறுக்கு "பேனல் போச்சு, புது டி.வி. வாங்கிக்குங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது, இருண்டது பேக்லைட். அதில் எல்.இ.டி.க்கள் சீரியல் செட் போல வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள், ஒரு பல்பு போனால் அந்தச் சரமே அணைந்துவிடும். அதே கதைதான். பவர் போர்டின் பேக்லைட் வோல்டேஜ் ஒரு கணம் எகிறிவிட்டு உடனே விழுந்தால், பெரும்பாலும் சரம் அறுந்திருக்கிறது, போர்டு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். எல்.இ.டி. ஸ்டிரிப்பின் விலையும் பேனலின் விலையும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இவ்வளவு சொல்லிவிட்டு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளி. மேலே சொன்னதில் டார்ச் சோதனையைத் தவிர மற்றவை மெக்கானிக் செய்ய வேண்டியவை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி., பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக நிற்கும். பெரிய டி.வி.க்களில் 380-ஐயும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்குவதில்லை. பழுதான செட்டில் அதை இழுத்துக் குறைக்க எதுவும் ஓடாததால் இன்னும் நெடுநேரம் நிற்கும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யை எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். மீட்டரிலும் ஒரு ஆபத்து உண்டு. சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகிவிட்டுச் சுவர் சாக்கெட்டில் வைத்தால் நேரடி ஷார்ட்! மலிவு மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

அப்படியானால் மீட்டர் உங்களுக்கு எதற்கு? திறக்காமலே அளக்கக் கூடியவை நிறைய இருக்கின்றன. லேப்டாப் சார்ஜ் ஆகவில்லை என்றதும் "மதர்போர்டு" என்று சொல்வார்கள். உருளை முனை உள்ள அடாப்டர் என்றால் அதன் மேலேயே 19 வோல்ட், 19.5 வோல்ட் என்று எழுதியிருக்கும். டி.சி. ரேஞ்சில் வைத்து முனையின் உள்ளேயும் வெளியேயும் தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் மதர்போர்டைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மோடம், செட்-டாப் பாக்ஸ் அடாப்டர்களும் இதே மாதிரிதான். (டைப்-சி சார்ஜரை இப்படிச் சோதிக்க முடியாது, அது லேப்டாப்போடு பேசி முடித்த பிறகே முழு வோல்டேஜைத் தரும்.) கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் தினமும் மாறிப் போகிறதா? மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ். தரும் 12, 5, 3.3 வோல்ட்களில் 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம்; 12 என்பது 11.4-க்குக் கீழே போனால் "விண்டோஸ் தகராறு" என்று திரும்பத் திரும்ப பார்மட் செய்வதில் பயனில்லை.

மீட்டரால் முடியாததும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் மட்டும் 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அப்படிப்பட்ட கெப்பாசிட்டர் பாதி கெட்ட நிலையில், சாதாரண மீட்டர் 5 வோல்ட் என்று சமர்த்தாகக் காட்டும், கம்ப்யூட்டர் மட்டும் தொங்கும். அதற்கு ஈ.எஸ்.ஆர். மீட்டர் வேண்டும், அல்லது கண்ணால் பார்க்க வேண்டும். டி.வி. லோகோவிலேயே நின்றுவிட்டால் அது பெரும்பாலும் மெமரியில் உள்ள சாஃப்ட்வேர் கோளாறு.

மெக்கானிக்குகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கம்பெனிகள் சர்க்யூட் படத்தை வெளியில் தருவதில்லை. அரை மணி நேரம் அளந்து, இரண்டு ரூபாய் ரெசிஸ்டரை மாற்றினால், வாடிக்கையாளர் "இதுக்கா ஐந்நூறு?" என்று கேட்கிறார். அதே ஆள் போர்டை மாற்றி மூவாயிரம் கேட்டால் பேசாமல் கொடுக்கிறார். பிறகு அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை மேஜையில் இருக்கும் போர்டுக்குப் படம் கிடைத்தால்தான் அந்த உரிமை ஊர் வந்து சேர்ந்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

அதுவரை நம் பங்கு இது. கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி பேசுங்கள். சரி செய்தாலும் செய்யாவிட்டாலும் கொடுங்கள். பதிலுக்கு ஸ்டாண்ட்பை எவ்வளவு, 12 வோல்ட் வந்ததா, பேக்லைட் வோல்டேஜ் என்ன என்பதைப் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். போர்டை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செட்டை மதுரைக்கு எடுத்துச் சென்றாலும், அடுத்த மெக்கானிக் அந்த நாலு எண்களிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.