டானிக் பாட்டிலில் கல்லீரல் இல்லை

குடிநோயாளியின் மனைவி மருந்துக்கடை வாசலில் நின்று, "கல்லீரலைச் சுத்தம் பண்ற டானிக் ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்பதைக் காணும்போது மனம் கொதிக்கிறது. மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது, அதுவே நஞ்சு. தினமும் குடிப்பவரின் கல்லீரல் தாக்குப்பிடிக்க, சிஒய்பி2இ1 என்ற நொதியைக் கூடுதலாக உண்டாக்குகிறது. மதுவைச் சிதைக்கும் இந்த மாற்று வழியை ஆய்வாளர்கள் சார்லஸ் லீபரும் டிகார்லியும் 1968இல் விளக்கினார்கள். அந்த நொதி இயங்கும்போதே வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பொறி பறப்பதுபோல் சிதறி, செல்லின் கொழுப்புச் சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. அவற்றைத் தணிக்க வேண்டிய குளுட்டாதயோனோ குடியால் வற்றிப்போகிறது. தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் இவர்களுக்குக் கூடுதல் ஆபத்து என்பது இதனால்தான். அப்படியானால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மாத்திரை போதாதா? மதுவால் கல்லீரல் கெட்டவர்களுக்கு வைட்டமின் இ கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லும்படியான பலன் இல்லை. குடியை நிறுத்தினால், கொழுப்பு படிந்த நிலையில் இருக்கும் கல்லீரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். ஆனால் நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். மருத்துவர் கண்காணிப்பும் தயாமின் ஊசியும் அவசியம். 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் மதுவைச் சில்லறையாக விற்கும் தமிழக அரசு, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இவர்களுக்கென்று படுக்கைகளையும், பயிற்சி பெற்ற செவிலியரையும் இந்த ஆண்டே ஒதுக்க வேண்டும்.