நினைவு தப்பும்வரை காத்திருப்பதா?

'சாமியாரை முன்கூட்டியே அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார். நினைவு தப்பிய பிறகு எண்ணெய் பூசினால் போதும்' என்ற வாதம், இரக்கத்தின் பேரில் நோயாளியின் உரிமையைப் பறிக்கிறது. யாக்கோபு திருமுகம் 5-ஆம் அதிகாரத்தில் மூப்பர்களை வரவழைக்கச் சொல்வது நோயுற்றவரிடம்தான். வரவழைக்க அவருக்கு வாயும் நினைவும் வேண்டாமா? இந்த அருளடையாளத்துக்குப் பேச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் விதைத்த பயம் இது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'நோயில் பூசுதல்' என்பதே அதற்குப் பொருத்தமான பெயர் என்றது. 1983-இன் திருச்சபைச் சட்டமோ, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே தரலாம், நோய் முற்றினால் மறுபடியும் தரலாம் என்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கென்றே உரிய அருளடையாளம், வழியுணவாகத் தரப்படும் நற்கருணை.

பயம் உண்மைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் மேல்மூச்சு வாங்கும்போது மட்டுமே குருவானவர் வாசலில் தென்பட்டால் பயம் வராமல் என்ன செய்யும்? பெரிய அறுவை சிகிச்சைக்கு முந்திய மாலையில் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் படும்போது, நோயாளி தன் வாயாலேயே 'ஆமென்' சொல்லலாம், பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நன்மை வாங்கலாம். நினைவிழந்தவருக்கும் திருச்சபை மறுப்பதில்லை, சரி. அந்தக் கருணையையே வழக்கமாக்கி, விழித்திருக்கும் மனிதரிடமிருந்து இந்த மூன்றையும் பிடுங்கிக்கொள்ள நமக்கு என்ன அதிகாரம்?