முதல்ல டி.எஸ்.எல்.ஆர்.ல கத்துக்கோ!

போட்டோகிராபி கிளப் இருக்கிற எல்லா காலேஜிலும் ஒரு சீனியர் இருப்பார். கழுத்தில் கேமரா பட்டை, அதில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். 'மிர்ரர்லெஸ் வாங்கலாம்னு இருக்கேண்ணா' என்று ஒரு முதலாம் ஆண்டுப் பையன் வாயைத் திறந்தால் போதும், உபதேசம் ஆரம்பம். "அதெல்லாம் வேணாம்டா. அது எல்லாத்தையும் முன்னாடியே காட்டிடும். ஒண்ணும் கத்துக்க மாட்டே. முதல்ல ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்கி எம் மோடுல ஆறு மாசம் அடி. அப்புறம் பாத்துக்கலாம்."

பழையது வாங்கு என்பதில் காசுக் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். 'முன்னாடியே காட்டிடும், அதனால கத்துக்க மாட்டே' என்கிற பகுதி இருக்கிறதே, அது சுத்தப் பேத்தல்.

என்ன காட்டுகிறது? டி.எஸ்.எல்.ஆர்.-ல் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போய், வியூஃபைண்டர் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. ஷட்டர் ஸ்பீடை 1/60 வைத்தாலும் 1/4000 வைத்தாலும் உள்ளே தெரியும் காட்சி மாறாது. மிர்ரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்ஸாரே பார்த்து, அதையே குட்டித் திரையில் காட்டுகிறது. 1/4000-க்குப் போனால் காட்சி இருண்டுவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் வெளுக்கும். படம் எப்படி வரப்போகிறதோ, கிட்டத்தட்ட அதுவே கண்முன் நிற்கும். 2008-ல் வந்த பானசோனிக் ஜி1 தொடங்கி இந்த வகைக் கேமராக்களின் அடிப்படையே இதுதான்.

ஒரு உதாரணம். வெள்ளை வேட்டி கட்டிய தாத்தா சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கேமராவின் லைட் மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, தாத்தாவையும் தெரியாது. எதிரில் இருப்பது எல்லாமே சராசரி சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும் ஜென்மம் அது. விளைவு, வேட்டி அழுக்கு வேட்டியாகிவிடும். இதுவே குட்டையில் படுத்திருக்கும் எருமையை எடுத்தால் தலைகீழ். கறுப்பு எருமை வெளிறிப்போய் நிற்கும். 'மீட்டர் சொல்வதை அப்படியே நம்பாதே' என்பது இந்தக் கலையின் முதல் பாடங்களில் ஒன்று.

பழைய பெட்டி வைத்திருக்கும் பையன் இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பான்? 'டிக்'. பின்பக்கத் திரையைப் பார்ப்பான். அழுக்கு வேட்டி. கொஞ்சம் கூட்டி, மறுபடி 'டிக்'. மறுபடி பார்ப்பான். நாலாவது 'டிக்'குக்குள் தாத்தா எழுந்து காபி குடிக்கப் போயிருப்பார். மிர்ரர்லெஸ் பையன் சக்கரத்தைத் திருப்பும்போதே வேட்டி வெளுப்பதைப் பார்க்கிறான். எந்தச் சக்கரத்தை எத்தனை சொடுக்கு திருப்பினால் என்ன ஆகிறது என்று கையும் கண்ணும் ஒன்றாகப் பழகிவிடுகிறது. பாடம் ஒன்றேதான். ஒருவனுக்கு பதில் உடனே கிடைக்கிறது, இன்னொருவனுக்குத் தாமதமாக. தாமதத்துக்குப் பெயர் பயிற்சியா?

இதில் பெரிய காமெடி என்னவென்றால், உபதேசம் செய்யும் சீனியரே ஒவ்வொரு 'டிக்'குக்குப் பிறகும் குனிந்து பின்பக்கத் திரையைப் பார்க்கிறார். ஃபிலிம் காலத்து ஆட்கள் அதையே கேலி செய்தவர்கள்தான். 36 படம் எடுத்து, நோட்டில் அபெர்ச்சரும் ஷட்டரும் குறித்துவைத்து, ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். எடுத்த பிறகு பார்த்தால் பயிற்சி, எடுக்கும் முன் பார்த்தால் ஏமாற்றா? இந்தக் கோடு சரியாக அண்ணன் கேமரா வாங்கிய வருஷத்தில் விழுந்திருக்கிறது ;-)

'ஆனா வியூஃபைண்டர்ல நிஜ உலகத்தைப் பாக்குறோம்ல' என்பது அடுத்த வாதம். எந்த நிஜம்? 2018-ல் வந்து, இப்போது உற்பத்தி நின்றுபோன நிகான் டி3500-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பப் பயனாளிகளுக்கென்றே செய்த அருமையான பெட்டி. அதன் வியூஃபைண்டர் நீளத்திலும் அகலத்திலும் 95 சதவீதம்தான் காட்டும். பரப்பளவில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கண்ணுக்கே வராது. ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் மின்கம்பம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பார்க்கும்போது லென்ஸ் முழுசாகத் திறந்தே இருப்பதால், எஃப்/11-ல் பின்னணி எவ்வளவு தெளிவாக வரும் என்பதும் தெரியாது.

மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டிய வாதம் ஒன்றுதான். ஆன்செல் ஆடம்ஸ் மாதிரியான மேதைகள், படத்தை எடுக்கும் முன்பே மனசுக்குள் முடித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். திரை காட்டிக்கொடுத்தால் அந்த மனக்கண் வளராதே என்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் மனக்கண் சும்மா இருட்டில் வளராது. இந்த வெளிச்சத்துக்கு இந்த எண், இந்த எண்ணுக்கு இந்தப் படம் என்று ஆயிரம் தடவை பார்த்த பிறகுதான் பார்க்காமலே சொல்ல வரும். சுருதிப்பெட்டி வைத்துப் பாடிப் பழகினால் சுருதி ஞானம் கெட்டுவிடும் என்று எந்தப் பாட்டு வாத்தியாராவது சொல்வாரா?

அதற்காக மிர்ரர்லெஸ் திரை சத்தியவான் இல்லை. ஓடும் நாய் 1/30-ல் எவ்வளவு கலங்கும் என்று அது சொல்லாது. ஃப்ளாஷ் எவ்வளவு வெளிச்சம் கொட்டும் என்றும் சொல்லாது. உச்சி வெயிலில் திரையே மங்கலாகத் தெரிவதால் படம் இருட்டு என்று தோன்றும். ஹிஸ்டோகிராமைத்தான் நம்ப வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குழி ஆட்டோ ஐ.எஸ்.ஓ. எம் மோடுக்குப் போய்விட்டு ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவிலேயே விட்டால், ஷட்டரை எப்படித் திருப்பினாலும் கேமரா ஐ.எஸ்.ஓ.வை மாற்றி ஈடுகட்டிவிடும். பெரும்பாலும் காட்சி அசையாது, பாடமும் நடக்காது. பல பேர் 'மேனுவல்ல எடுக்கிறேன்' என்று மாசக்கணக்கில் செய்துகொண்டிருப்பது இதைத்தான். சோனி கேமராவாக இருந்தால் மெனுவில் 'லைவ் வியூ டிஸ்ப்ளே' அணைந்து கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் எஃபெக்ட் எதுவும் திரையில் வராது, டி.எஸ்.எல்.ஆர். மாதிரியே ஆகிவிடும். சீனியர் இந்த இரண்டையும் சொல்லித் தந்தால் புண்ணியம்.

இனி காசு. செகண்ட் ஹேண்டில் பழைய டி.எஸ்.எல்.ஆர். மலிவு, அதன் லென்ஸ்களும் மலிவு. உண்மை. பேட்டரியிலும் அதுவே ராஜா; டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் என்று கணக்கு, 2014-ல் வந்த சோனி ஏ6000 வியூஃபைண்டர் வழியாக வெறும் 310. ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவனுக்கு இன்னொரு பேட்டரி கட்டாயச் செலவு. கையில் காசே இல்லை, அண்ணனோ மாமாவோ வைத்திருந்த பெட்டி வீட்டில் கிடக்கிறது என்றால் அதில் தாராளமாகக் கற்கலாம். அது பர்ஸ் எடுக்கும் முடிவு, தப்பே இல்லை. பர்ஸ் எடுத்த முடிவுக்குக் கலைத் தத்துவச் சாயம் பூசி, கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும் பையனையும் அதற்குள் தள்ளுவதுதான் அநியாயம். ஆறு மாசம் இருட்டுப் படமும் வெளிறிய படமுமாக எடுத்து, 'நமக்கு இது வராது போல' என்று கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டியவர்களின் கணக்கை எந்த சீனியரும் வைத்துக்கொள்வதில்லை.

சீனியருக்கு நிஜமாகவே உதவ ஆசை இருந்தால் வேறு வழி இருக்கிறது. நிகான்காரர் என்றால் பழைய 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸ் ஒன்று பையில் கிடக்கும். உள்ளே மோட்டார் இல்லாததால் டி3500-ல் மாட்டினாலும் அதற்கு ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருப்ப வேண்டும். நிகானில் லென்ஸ் வளையத்துக்கும் சென்ஸாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ., சோனியில் 18 மி.மீ. நடுவில் கண்ணாடியே இல்லாத ஒரு வெற்றுக் குழாய் அடாப்டரைப் போட்டால் அந்த லென்ஸ் ஏ6000-ல் உட்கார்ந்துவிடும். அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் அதையும் கையாலேயே மாற்றலாம். கூட வரும் 16-50 கிட் லென்ஸ் ஜூம் செய்ததும் எஃப்/5.6-க்குப் போய்விடும்; இது அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபோகஸ் ஆன இடத்தின் ஓரங்களைத் திரையே வண்ணத்தில் கோடிட்டுக் காட்டும். தாத்தா காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மாட்டிவிடலாம்.