ஏலத்தில் பாடம், ஐந்து புள்ளிக்குள் ஆசிரியர்

இந்திய மேலாண்மைக் கழகங்கள் பலவற்றில் இரண்டாம் ஆண்டு மாணவர் தமது விருப்பப் பாடத்தை ஏலத்தில் எடுக்கிறார். இது உவமை அன்று. அந்த நடைமுறையின் பெயரே ஏலம்தான். ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தரப்படும். வேண்டிய பாடத்தின் மீது அவற்றை வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தவருக்கு இடம். மற்றவருக்கு மிச்சம் கிடப்பது. போதிய எண்ணிக்கையில் ஆள் சேராத பாடம் அந்தப் பருவத்தில் நடைபெறாது. பருவம் முடியும்போது ஆசிரியருக்கு மதிப்பெண் இடும் படிவம் வந்துசேரும்.

இந்தப் படிவத்தைக் குறித்து நம் மாணவர் அரங்கத் தோழர்கள் சிலரிடமும் ஒரு மயக்கம் உண்டு. மாணவர் ஆசிரியரை மதிப்பிடுவது ஜனநாயகம்தானே என்கிறார்கள். ஆசிரியரின் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. தலித், பழங்குடி மாணவர்கள் வகுப்பறைகளில் படும் அவமதிப்பை அறிந்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். ஆனால் இப்படிவம் தருவது அந்த உரிமையை அன்று. கேள்விகளை வகுப்பது நிர்வாகம். விடைகளைத் தொகுப்பதும் பயன்படுத்துவதும் நிர்வாகமே. மாணவர் தனித்தனியே, பெயரின்றி, பாடம் முடிந்த பின்னர் கருத்துச் சொல்கிறார். அதனால் அவருக்குத் திரும்பக் கிடைப்பது எதுவுமில்லை. அகமதாபாத் கழகத்தில் ஈராண்டுக் கட்டணம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டியது ஏன், நிறுவனங்கள் ஆளெடுக்க வரும் நாள்களுக்கேற்பக் கால அட்டவணை வளைவது ஏன் என்று கேட்க அப்படிவத்தில் கட்டம் கிடையாது. ஆசிரியர் ஒருவர் மட்டுமே அங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறார்.

'பின்னூட்டம்' என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் மின்பொறியியலிலிருந்து வந்தது. கருவியின் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தி, கருவியைக் குறித்த அளவில் நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. ஏற்பாட்டின் நோக்கத்தை மூலச்சொல்லே ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது. தமிழில்தான் 'ஊட்டம்' என்று கொஞ்சம் தாய்மை கலந்துவிட்டது.

படிவம் எதை அளக்கிறது? அமெரிக்காவில் ஓர் இணையவழிப் பாடத்தில் நடந்த சோதனை 2015-இல் வெளியானது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கற்பித்தனர். இருவரும் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் மறு குழுவுக்குப் பெண் பெயரிலும் அறிமுகமாயினர். ஆண் என்று கருதப்பட்டவருக்கே மாணவர்கள் அதிக மதிப்பெண் இட்டனர். ஒரு பெயரே இவ்வளவு செய்யுமானால், நம் நாட்டில் சாதியை உணர்த்தும் பெயர் என்னவெல்லாம் செய்யும்? ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் கேட்டவை இந்த மேலாண்மைக் கழகங்கள் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் இவ்வழக்கை நடுவர் மன்றம் வரை கொண்டுசென்று 2018-இல் வென்றது. இத்தகைய மதிப்பீடுகள் மாணவரின் அனுபவத்தைக் காட்டலாம். பதவி உயர்வுக்கோ பணி நிரந்தரத்துக்கோ கற்பித்தல் திறனை அளக்கும் கருவியாக அவற்றைக் கொள்ளலாகாது என்பதே தீர்ப்பு. வென்றது சங்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கோ நிலைமை வேறு. ஒப்பந்த ஆசிரியரும் வருகை ஆசிரியரும் பெருகிவிட்ட இடத்தில் அடுத்த பருவத்து வேலையே அந்தச் சராசரியைத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் கடினமான நூலைப் படிக்கச் சொல்வாரா? மதிப்பெண்ணில் கண்டிப்புக் காட்டுவாரா? தொழிலுறவு குறித்த பாடத்தை எடுத்துக்கொள்வோம். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய காலத்தில், நாளை ஆலைகளில் அவற்றைச் செயல்படுத்தப்போகும் மேலாளர் தொழிற்சங்க உரிமையின் வரலாற்றைப் படித்தே ஆகவேண்டும். அப்பாடம் ஏலத்தில் நிதிச்சந்தைப் பாடங்களோடு மோதவேண்டியிருக்கிறது. தோற்றால், 'மாணவர் விரும்பவில்லை' என்று நிர்வாகம் கைகழுவிவிடும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிப்பவர் சம்பளம் தரும் பாடத்தின் பக்கம்தான் சாய்வார். அதை விருப்பம் என்பது பொய்.

மாணவர் குரலில் மெய்யான அக்கறை இருந்திருந்தால் 2017-ஆம் ஆண்டின் மேலாண்மைக் கழகச் சட்டம் அதைக் காட்டியிருக்கும். ஆளுநர் குழுவில் ஆசிரியருக்கு இடமுண்டு, முன்னாள் மாணவருக்கும் இடமுண்டு. இன்றைய மாணவருக்கு இல்லை. கட்டணத்தைத் தீர்மானிக்கும் 'தன்னாட்சி' அக்குழுவுக்கு உண்டு. அதே குழுவை இடைநிறுத்தவும் கலைக்கவும் 2023 திருத்தம் ஒன்றிய அரசுக்கு வழிசெய்துவிட்டது.

மேட்டுக்குடி வளாகங்களின் சங்கதி என்று இதை ஒதுக்க இயலாது. நாக் மதிப்பீட்டின் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு வழியாக இதே படிவம் அரசுக் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது; மாணவர் பேரவைத் தேர்தல் நடைபெறாத கல்லூரிகளுக்கும்தான். நம் ஆசிரியர், மாணவர் அமைப்புகள் இதில் எதிரெதிரே நிற்கக் கூடாது. கால அட்டவணையை வகுக்கும் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவருக்கு இடம். ஆள் சேரவில்லை என்று பாடத்தை நிறுத்தும் முன் அக்குழுவின் ஒப்புதல். படிவத்தின் சராசரியை நியமனத்துக்கும் பணிநீக்கத்துக்கும் பயன்படுத்தத் தடை. சாதி, பாலியல் அவமதிப்புப் புகார்களை விசாரிக்க அதிகாரமுள்ள தனி அமைப்பு. இவற்றை இரு தரப்பும் ஒரே கோரிக்கை மனுவில் வைக்க முடியும்.