தரங்கம்பாடிக்கு வர்றவங்ககிட்ட ஒரு கேள்வி

லீவு நாள்ல தரங்கம்பாடிக்கு கார்ல வர்றீங்க. கோட்டை முன்னாடி செல்ஃபி, அப்புறம் 1718-ல கட்டின புதிய எருசலேம் ஆலயம். உள்ளே சீகன்பால்கு கல்லறை, வெளியே டேனிஷ்காரங்க கல்லறைகள். குனிஞ்சு பெயரெல்லாம் படிக்கிறீங்க, சந்தோஷம்.

ஆரோன்னு ஒருத்தரைப் பத்தி யாராவது கேட்டீங்களா? கடலூர்க்காரர், 1733-ல பட்டம் வாங்கின முதல் தமிழ் லுத்தரன் பாதிரியார். எங்க மாயவரம் பக்கத்துக் கிராமங்கள்ல ஊழியம் செஞ்சவர். சீகன்பால்குக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததே நம்ம ஊர் திண்ணை வாத்தியார்தான். அவரையும் யாரும் தேடுறதில்லை.

கப்பல்ல வந்தவங்க மட்டுமா சபையை வளர்த்தாங்க?

இன்னொண்ணு. கோயில் ஒண்ணுதான், ஆனா உள்ளே ஜாதிவாரியா தனித்தனியா உட்கார வச்சிருந்தாங்க. நினைவு விழா எடுக்கிறவங்க இதையும் மேடையில சொல்லட்டும்.