சிவப்பு லைட் அணைஞ்ச பிறகு...

நம்ம சினிமாவுல ஆபரேஷன் தியேட்டர் சிவப்பு லைட் அணைஞ்சு, டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினா சீன் ஓவர். ஆனா கணையப் புற்றுநோயில் நிஜக் கதையே அப்புறம்தான் ஃப்ரெண்ட்ஸ்! கட்டியை வெட்டி எடுத்தாலும் பலருக்கு நோய் திரும்ப வந்துடும்.

இங்கிலாந்து, லிவர்பூலில் சர்ஜனா இருந்த ஜான் நியோப்டாலமஸ், கத்தியைக் கழுவி வெச்சுட்டுக் கிளம்பற ஆள் இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் எந்த சிகிச்சை கொடுத்தா ஆயுள் கூடும்? இந்த ஒரே கேள்வியோட பல வருஷம் மல்லுக்கட்டினார்.

அவர் தலைமையில் நடந்த ‘எஸ்பாக்-1’ ஆய்வில் 11 நாடுகளைச் சேர்ந்த 289 நோயாளிகள். 2004-ல் ரிசல்ட் வந்தது. கீமோதெரபி எடுத்தவர்களில் 21 சதவிகிதம் பேர் 5 வருஷம் தாண்டினாங்க. எடுக்காதவர்களில் வெறும் 8 சதவிகிதம்! சரி, ரேடியேஷனும் கீமோவும் கலந்து கொடுத்தா இன்னும் சூப்பரா இருக்கணுமே? அங்கதான் ட்விஸ்ட். அந்தக் கலவையை எடுத்தவர்களில் 10 சதவிகிதம், எடுக்காதவர்களில் 20 சதவிகிதம். நல்லதுன்னு நம்பிக் கொடுத்தது கைகொடுக்கலை. அதையும் அப்படியே அச்சேத்தினாங்க.

அதோட விடலை. 2017-ல் ‘எஸ்பாக்-4’. ஜெம்சிடபினோட கேபசிடபின் மாத்திரையையும் சேர்த்தப்போ, 5 வருஷம் தாண்டறவங்க சுமார் 16 சதவிகிதத்திலிருந்து 29-க்கு ஏறும்னு கணக்கு சொன்னது. அந்தக் கூடுதல் 13, நூத்துக்கு 13 குடும்பங்கள் பாஸ்!

அதனால, லேப்ல எதிர்பார்த்த ரீடிங் வரலைன்னா பக்கத்து டேபிள் நோட்டை எட்டிப் பார்க்காதீங்க. வந்ததை வந்தபடி எழுதுங்க. அதுவும் ரிசல்ட்தான்!