வாள் வாங்கிய சீஷன்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நம் சபையின் தாயார் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அமெரிக்காவின் டெக்சாஸில் குடும்பத்தோடு வாழும் அவருடைய மகன் துப்பாக்கிக் கடையொன்றில் நின்று எடுத்தனுப்பிய படம் அது. கையில் கரிய நிற ரைபிள். மகன் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கப் போகிறான் என்றும், நல்லதாக அமைய நான் ஜெபிக்க வேண்டும் என்றும் அந்தத் தாயார் கேட்டார். வீடு வாங்க, வண்டி வாங்க, கறவை மாடு வாங்க என்னிடம் ஜெபம் கேட்டதுண்டு. துப்பாக்கிக்குக் கேட்டது இதுவே முதல்முறை. அன்று என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. இந்த வாரத் தியானமே அந்த மறுமொழி.

சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நினைக்காதிருங்கள். நம் பிள்ளைகள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் நம் சபை இருக்கிறது. அங்கே கிறிஸ்தவத் தகப்பன் என்றால் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று முழங்கும் பிரசங்கங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வருகின்றன. ஆமென் போட்டு அனுப்புகிறவர்கள் நாமே.

முதலில் பொருளை அறிந்துகொள்ளுங்கள். அரைத் தானியங்கி ரைபிள் என்பது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாவைச் சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஆயுதம். விரல் எத்தனை வேகமாக அசைகிறதோ அத்தனை வேகமாகச் சுடும். வழக்கமான மேகசின் ஒன்றில் 30 தோட்டாக்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் இவ்வகையை மிகக் கடுமையான வரிசையில் வைத்துள்ளன. மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்துப் பெறக்கூடியது அன்று. பயிர்க் காவலுக்கென்று விவசாயிக்குச் சட்டம் நினைத்திருப்பது வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியை. 2019இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது. கல்யாண வீட்டில் கொண்டாட்டத்துக்குச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்களும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். நம் அரசின் எல்லாச் சட்டங்களையும் புகழ்கிறவன் அல்லன் நான். ஆனால் வெள்ளாற்றங்கரையில் ஒரு வரப்புத் தகராறு எப்படி மூளுகிறது என்பதைக் கண்ணால் கண்டவன். கோபம் வருகிற நேரத்தில் கைக்கு எட்டுவது மண்வெட்டி என்றால், ஓடித் தப்ப ஒருவனுக்கு வழி உண்டு.

இனி வேதத்துக்கு வருவோம். துப்பாக்கிப் பிரசங்கிகள் முதலில் திறப்பது லூக்கா 22ஆம் அதிகாரம். வாள் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாவது வாங்கட்டும் என்று ஆண்டவர் சொன்ன இடம். சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மூடாதிருங்கள். இங்கே இரண்டு வாள் இருக்கிறது என்று சீஷர்கள் சொன்னதும், அது போதும் என்றார். ஆயுதம் தாங்கி வரும் கூட்டத்தின் எதிரே பதினொரு பேருக்கு இரண்டு வாள் எந்தக் கணக்கில் போதும்? அக்கிரமக்காரரில் ஒருவராகத் தாம் எண்ணப்படுவதைப் பற்றிய வேதவாக்கு நிறைவேற வேண்டும் என்பதை அதே மூச்சில் அவரே சொல்லியிருக்கிறார். படை திரட்டுகிறவர் பேசும் பேச்சா அது?

அந்த இரண்டில் ஒன்று என்ன செய்தது என்று பாருங்கள். அதை உருவியவர் பேதுரு என்று யோவான் 18ஆம் அதிகாரம் பெயரோடு சொல்கிறது. யாரை வெட்டினார்? கட்டளையிட்ட பிரதான ஆசாரியனை அல்ல. காட்டிக்கொடுத்த யூதாசையும் அல்ல. ஆசாரியனின் வேலைக்காரனாகிய மல்குஸை, அதுவும் காதை. எசமான் ஏவியதால் இருட்டில் தீவட்டியோடு வந்த ஓர் ஏழை ஊழியன். நெஞ்சில் அன்பும் நடுக்கமுமாகப் பழக்கமற்ற கையில் ஆயுதம் ஏந்துகிறவன் எவனோ, அவன் வெட்டுவது இப்படித்தான். ஆண்டவர் சிறைப்படுமுன் தம் கரத்தால் செய்த கடைசிக் குணமாக்குதல், தம் சீஷனின் ஆயுதம் உண்டாக்கிய காயத்தை ஆற்றியதே.

நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றார்களே என்பீர்கள். நின்றார்கள். ராஜாவின் அனுமதியோடு, ஒரு தலைவனின் கீழ், எக்காள ஓசைக்குக் கூடும் ஒழுங்கோடு நின்றார்கள். அலங்கம் முடியும்வரை அந்த ஆயுதத்தால் ஒருவனும் வெட்டுண்டதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. திருடனைப் பற்றிய பிரமாணத்தையும் யாத்திராகமம் 22இல் வாசியுங்கள். இரவில் கன்னமிடுகிறவன் அடிபட்டுச் சாக நேர்ந்தால் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்த பின்னர் அப்படிச் செய்தால் பழி உண்டு. மோசேயின் காலத்திலேயே தற்காப்புக்கு வெளிச்சம் ஓர் எல்லையாக வைக்கப்பட்டது.

என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. 2015இல் புளோரிடாவின் ஒரு நிறுவனம் "குருசேடர்" என்ற பெயரில் அரைத் தானியங்கி ரைபிள் ஒன்றைச் செய்து, அதன்மேல் சங்கீதம் 144இன் முதல் வசனத்தைப் பொறித்து விற்றது. அதன் பாதுகாப்பு விசையின் மூன்று நிலைகளுக்கும் லத்தீனில் பெயர்: சமாதானம், யுத்தம், தேவ சித்தம். அதற்கும் முன்னே, ராணுவத்துக்குச் செய்யப்பட்ட குறிபார்க்கும் கண்ணாடிகளில் யோவான் 8:12 என்ற குறிப்பு பொறித்திருப்பது 2010இல் வெளியாகி, கண்டனம் எழுந்தபின் நிறுத்தப்பட்டது. ஆண்டவர் தம்மை ஒளியென்று அறிவித்த வசனம் அது. மனிதனைக் குறிபார்க்கும் கண்ணாடியில்! நம் ஊரில் லாரியின் நெற்றியில் வசனம் எழுதுகிறவர்களைக் கேலி செய்கிறோமே, அவர்கள் எவ்வளவோ மேல்.

அந்தத் தாயாரின் மகனோடு கடந்த சனி இரவு பேசினேன். கெட்டிக்காரப் பிள்ளை. ஐயா, சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். கேள்விப்பட்டிருக்கிறேன். டெக்சாஸின் அந்தச் சிற்றூரில் 2017 நவம்பர் 5, ஞாயிறு ஆராதனையின் நடுவே ஒருவன் அரைத் தானியங்கி ரைபிளோடு புகுந்தான். தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் ரைபிளை எடுத்து ஓடிவந்து அவனைச் சுட்டு விரட்டினார். இது உண்மை, அந்த மனிதரின் தைரியத்துக்கு முன் நான் வாய் திறக்கத் தகுதியற்றவன். ஆனால் தம்பி, முழுவதையும் சொல்லுங்கள் என்றேன். அவர் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர். நேற்று கடைக்குப் போனவர் அல்லர். கொன்றவனோ, குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றவன். அத்தண்டனையை விமானப்படை உரிய பதிவேட்டுக்கு அனுப்பத் தவறியதால், வாங்கும்போது செய்யும் சோதனையில் தேறிக் கடையிலேயே வாங்கினான். காப்பாற்றியவருக்கு முன்னே அங்கு போய்ச் சேர்ந்தது அந்தக் கடைத் துப்பாக்கி.

இன்னொரு கணக்கையும் அவரிடம் சொன்னேன். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அவர்களில் 26,000க்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்கென்று வாங்கி வைத்த ஆயுதம் பெரும்பாலும் யாரைச் சந்திக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேலை போகும் பயம், பனிக்காலத் தனிமை, அம்மாவிடம் சொல்லாத கடன்: நம் பிள்ளைகளின் இராக்காலங்களை நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறது.

ஆகவே என் ஆலோசனை, வாங்காதிருங்கள் என்பதே. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்நாட்டுச் சட்டமே வாங்க விடுவதில்லை. நண்பர் பெயரில் வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அது குற்றம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது, அவர்களைத்தான் மன்றாடுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தோட்டாவை நீக்கி இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். மனைவிக்குத் தெரியாமல் வைக்காதீர்கள். வீட்டில் எவருக்கேனும் மனம் சோர்ந்திருக்கிறது என்றால் அன்றைக்கே அதை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். நீங்களே அந்த ஒருவராக இருந்தால், வெட்கப்படாமல் என்னை அழையுங்கள்.

தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. கடைக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறாராம். வரும் சனி இரவு ஒன்பது மணிக்கு, அங்கே காலை வேளையில், மறுபடியும் பேசுகிறோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மார் தங்கள் பிள்ளைகளின் எண்களை ஞாயிறன்று என்னிடம் எழுதிக் கொடுங்கள்.